ஆறு ஏன் படி இறங்குகிறது?

வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. இன்று நாம் ஆற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆற்றுத் தண்ணீரைப் பற்றி அல்ல. ஆறு ஓடுகிற தரையைப் பற்றி.

நம் பெங்களூருக் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வருகிறது. தொரேகாடனஹள்ளி என்ற ஊரில் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள். அங்கிருந்து ஹாரோஹள்ளி, தாத்தகுணி என்று இடம் இடமாக மோட்டார் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். 1974-இல் இந்தத் தண்ணீர் முதன்முதலாக நகரத்துக்கு வந்தது. காவிரி நம்மைவிடப் பள்ளத்தில் ஓடுகிறது. அதனால்தான் இத்தனை மோட்டார், இத்தனை மின்சாரம்.

அதே பக்கத்தில்தான் சிவசமுத்திரம் அருவி இருக்கிறது. மைசூர்ப் பக்கம் காவிரி சமதரையில் மெதுவாக, அகலமாக ஓடி வருகிறது. சிவசமுத்திரத்தில் இரண்டாகப் பிரிந்து ஏறத்தாழ 300 அடி கீழே விழுகிறது. பிறகு மேகதாதுவில் குறுகிய பாறை இடுக்கில் புகுகிறது. பிறகு தர்மபுரிப் பக்கம் ஒகேனக்கல்லில் மறுபடியும் விழுகிறது. (மேகதாது என்றதும் அணையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சிலர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். இல்லை, இன்று அது வேண்டாம்.)

சிவசமுத்திரத்தில் விழுகிற தண்ணீரைக் கொண்டு 1902-இல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது. உங்களில் சிலருடைய தாத்தாக்கள் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். அவர்கள் தலைக்கு மேல் எரிந்த விளக்கு, காவிரி விழுந்த வேகத்தில் எரிந்தது.

சரி, என் கேள்வி இதுதான். இவ்வளவு தூரம் சமமாக வந்த ஆறு, அந்த இடத்தில் மட்டும் ஏன் படி இறங்குகிறது?

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு சுவரைப் பாருங்கள். இங்கே கொத்தனார்கள் பலர் இருக்கிறீர்கள். சுவரில் விரிசல் விடுவது உங்களுக்குத் தெரியும். சில விரிசல் வெறும் கோடு. பூசி மறைத்துவிடலாம். சில விரிசல் வேறு மாதிரி. ஒரு பக்கம் அஸ்திவாரம் இறங்கியிருக்கும். விரிசலின் இந்தப் பக்கத்துச் செங்கல் வரிசையும் அந்தப் பக்கத்து வரிசையும் ஒன்றுக்கொன்று சேராது. ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கும். அதைப் பார்த்ததும் நீங்கள் பயப்படுவீர்கள். பூமியிலும் இப்படித்தான். பாறையில் கோடு மட்டும் விழுந்தால் அது விரிசல். இரண்டு பக்கமும் இடம் மாறியிருந்தால் அதற்குப் பிளவு என்று பெயர். இன்று நான் பிளவு என்று சொல்லும் இடத்தில் எல்லாம், நகர்ந்த விரிசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லால்பாக் பாறையில் நாம் எல்லோரும் ஏறியிருக்கிறோம். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. இவ்வளவு பழைய, கெட்டியான பாறைமேல் நம் ஊர் இருக்கிறது. அதனால் தென்னாட்டு மண் அசையவே அசையாது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். பழைய பாறை என்பது உண்மை. அசையாது என்பது உண்மை இல்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதை உணர்ந்தது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் லாத்தூர்ப் பக்கம் வந்த நடுக்கத்தில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதுவும் கெட்டியான பாறை என்று நம்பிய இடம்தான். நம் பெங்களூரு அபாயம் குறைந்த ஊர். ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருள் அல்ல.

நம் காவிரிப் பக்கத்து நிலத்தை ஆராய்ந்தவர் கே.எஸ். வால்தியா என்ற அறிஞர். அவர் இமயமலைப் பக்கத்துக்காரர். பர்மாவில் பிறந்தவர். சிறுவயதில், இரண்டாம் உலகப் போரின்போது, அங்கே குண்டு வெடித்ததில் அவருக்குக் காது கேட்பது மிகவும் குறைந்துபோனது. அப்படியும் படித்து, மலை மலையாக நடந்து, நாட்டின் பெரிய நிலவியல் அறிஞர்களில் ஒருவரானார். பிற்காலத்தில் நம் ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு ஆய்வு மையத்தில் இருந்தார். 2020-இல் காலமானார்.

அவர் காவிரி, அர்க்காவதி, சிம்ஷா ஆறுகளின் கரைகளைப் பார்த்தார். அங்கே சில இடங்களில் கருப்புக் களிமண் அடுக்கு அடுக்காகக் கிடந்தது. இதில் என்ன விசேஷம்? ஒரு பக்கெட் தண்ணீரில் ஆற்று மணலைப் போட்டுக் கலக்குங்கள். கலக்கும்போது எல்லாம் சுழலும். கையை எடுத்ததும் மணல் உடனே அடியில் உட்காரும். களி மட்டும் தண்ணீரிலேயே நிற்கும். ரொம்ப நேரம் அசையாமல் வைத்தால்தான் அது படியும். ஆகவே கனமான களிமண் படிந்திருக்கிறது என்றால், அங்கே தண்ணீர் வெகுகாலம் ஓடாமல் நின்றிருக்கிறது. ஓடுகிற ஆறு எப்படி நின்றது? யாரும் அணை கட்டாத காலம் அது.

வால்தியா சொன்ன விடை இது. ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதன் வழிக்குக் குறுக்கே வடக்குத் தெற்காகப் பிளவுகள் இருக்கின்றன. பழைய பிளவுகள்தான். ஆனால் அவை மறுபடி அசைந்திருக்கின்றன. ஆறு போக வேண்டிய பக்கத்து நிலம் உயர்ந்தது. வாசற்படி உயர்ந்தால் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் தேங்குவதுபோல, ஆறு பின்னால் தேங்கி ஏரியானது. பிறகு ஆறு அந்தத் தடையை அறுத்துக்கொண்டு வெளியேறியது. ஏரி வடிந்தது. களிமண் மட்டும் சாட்சியாக நின்றது. 2000-ஆம் ஆண்டில் அவரும் இன்னொரு அறிஞரும் சேர்ந்து இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அருவிகளுக்கும் இந்த நில உயர்வுக்கும் தொடர்பு உண்டு என்பது அவர் கருத்து. கெட்டிப் பாறை, மென்மையான பாறை என்ற வேறுபாட்டால் அருவி வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் களிமண் பெரிய சாட்சியாகத் தெரிகிறது. ஆனால் நான் பத்தாவது வரை படித்தவள்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் அறிஞர்கள்.

நிலம் உயர்ந்து ஆறு நிற்குமா? இது கட்டுக்கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் மனிதர் கண்முன்னே இது நடந்திருக்கிறது.

குஜராத்தில் கட்ச் என்ற பகுதி. 1819 ஜூன் 16, மாலை நேரம். பெரிய நிலநடுக்கம். சிந்திரி என்று ஒரு கோட்டை இருந்தது. அந்த இடத்து நிலம் அப்படியே இறங்கியது. கடல் தண்ணீர் உள்ளே புகுந்து பெரிய ஏரியானது. கோட்டைக் காவலர்கள் கோபுரத்தில் ஏறிக்கொண்டு, பிறகு படகில் தப்பினார்கள். அதற்கு வடக்கே இதுவரை இல்லாத ஒரு மேடு எழுந்து நின்றது. பல மைல் நீளம். சில இடங்களில் ஏறத்தாழ 20 அடி உயரம். மனிதர் கட்டாத கரை என்பதால் மக்கள் அதற்கு ‘அல்லா பந்த்’ என்று பெயர் வைத்தார்கள். கடவுள் கட்டிய கரை என்று பொருள். அந்த வழியாக வந்த சிந்து நதியின் பழைய கிளைக்குக் குறுக்கே அது நின்றது. ஏழு ஆண்டு கழித்து, 1826-இல், சிந்துவில் பெரும் வெள்ளம் வந்தது. வெள்ளம் அந்தக் கரையை அறுத்து வழி செய்துகொண்டது. பூமி கரை கட்டியது, ஆறு அதை வெட்டியது. காவிரிக் களிமண்ணில் படித்த கதை இங்கே ஏழு ஆண்டில் முடிந்துவிட்டது.

இன்னொன்று 1897 ஜூன் 12 அன்று அசாம் பக்கம் வந்த நிலநடுக்கம். செத்ராங் என்று ஒரு சிறிய ஆறு. புதிதாக அசைந்த பிளவு அந்த ஆற்றை ஒரு தடவை அல்ல, பல தடவை குறுக்கே வெட்டியது. ஆறு போகிற பக்கம் நிலம் தாழ்ந்த இடத்தில் அருவி உண்டானது. ஆறு போகிற பக்கம் நிலம் உயர்ந்த இடத்தில் குளம் உண்டானது. ஒரே ஆற்றில் அருவி, குளம், அருவி, குளம்! ஓல்டாம் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே போய் அளந்து எழுதினார். அதிகபட்சமாக நிலம் 35 அடி இடம் மாறியிருந்தது. மூன்று மாடி வீட்டு உயரம்.

இப்போது இமயமலைக்குப் போவோம். ஏனென்றால் ஆற்றுப் படிகளையும் வண்டல் விசிறிகளையும் நன்றாகப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நம் இந்திய நிலம் முழுவதும் வடக்கு நோக்கி நகர்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து சென்டிமீட்டர். உங்கள் கை நகம் வளர்கிற வேகம்தான். நகம் வளர்வது கண்ணுக்குத் தெரிகிறதா? வெட்டும்போதுதான் தெரிகிறது. இந்த நிலம் போய் முட்டுகிற இடத்தில் இமயமலை எழுந்திருக்கிறது. மலைக்கு அடியில் பெரிய பெரிய பிளவுகள். அவை பல காலம் சிக்கிக்கொண்டு நிற்கும். பிறகு ஒருநாள் சட்டென்று நழுவும். அதுதான் நிலநடுக்கம். ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் உயரும்.

மலை உயரும்போது ஆறு என்ன செய்யும்? அறுக்கும். ஆற்றுக்குப் பழைய மட்டத்திலேயே போக வேண்டும். தரை உயர்ந்தால் அது தன் தரையையே வெட்டிக் கீழே இறங்கும். நடுவில் மட்டும் வெட்டும். பழைய தரையின் இரண்டு ஓரமும் மேலேயே நின்றுவிடும். மறுபடி நிலம் உயரும். மறுபடி ஆறு வெட்டி இறங்கும். இப்படி இறங்க இறங்கக் கரையில் படிக்கட்டு உண்டாகும். இவைதான் ஆற்றுப் படிகள். கோயில் குளத்துப் படி மாதிரி. ஆனால் ஒவ்வொரு படியும் ஒரு வயல் அளவுக்கு, சில இடங்களில் ஓர் ஊர் அளவுக்கு அகலம். மேல்படி மூத்தது. கீழ்ப்படி இளையது.

மேட்டில் இருக்கும் நிலம் ஆற்றின் பழைய தரை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தோண்டிப் பாருங்கள். உருண்டைக் கூழாங்கல் கிடைக்கும். கல் தானாக உருண்டையாகாது. ஆறு உருட்டி உருட்டித் தேய்த்தால்தான் ஆகும். ஆற்றிலிருந்து நூறு அடி உயரத்தில் கூழாங்கல் படுகை இருந்தால், ஒரு காலத்தில் ஆறு அங்கே ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எல்லாப் படியையும் நிலநடுக்கம் செய்யவில்லை. மழை அதிகமாகும் காலம், குறையும் காலம் என்று மாறும்போதும் ஆறு படி வெட்டும். பிளவின் கைவேலையை எப்படிப் பிரிப்பது? ஒரே படியைப் பிடித்துக்கொண்டு ஆற்றோரம் நடக்க வேண்டும். சாதாரணப் படி ஆற்றோடு சேர்ந்து மெல்லச் சரிந்து போகும். நடுவில் ஒரு கோட்டில் அது திடீரென்று உடைந்து, ஒரு பக்கம் மேலே நின்றால், அங்கே பிளவு இருக்கிறது. சுவரில் செங்கல் வரிசை சேராமல் போனதே, அதே கணக்கு.

அடுத்தது வண்டல் விசிறி. மலைக்குள் ஆறு ஒடுங்கி, வேகமாக வருகிறது. கல், மணல், சேறு எல்லாவற்றையும் இழுத்து வருகிறது. மலை முடிந்து சமதரை வந்ததும் வேகம் போய்விடும். வேகம் போனால் சுமக்க முடியாது. முதலில் பெரிய கல்லைப் போடும். கொஞ்ச தூரத்தில் ஜல்லி. அப்புறம் மணல். கடைசியில் வண்டல். நீங்கள் சல்லடை போட்டுச் சலித்துப் பிரிப்பதை ஆறு சல்லடை இல்லாமல் செய்கிறது. ஒரே வழியிலும் போகாது. ஒரு வழி மேடானதும் பக்கத்துப் பள்ளத்துக்கு மாறும். இடமும் வலமும் மாறி மாறிக் கொட்டுவதால், மேலிருந்து பார்த்தால் பனையோலை விசிறி மாதிரி இருக்கும். கைப்பிடி மலையின் வாயில். விரிந்த பக்கம் சமவெளியில். டேராடூன் நகரமே இப்படிப்பட்ட விசிறி மேல்தான் இருக்கிறது.

மலை அடியில் உள்ள பிளவு அசைந்து மலை மறுபடி உயர்ந்தால், ஆறு தன் பழைய விசிறியையே வெட்டிக்கொண்டு போய், அதற்கும் கீழே புது விசிறி போடும். சில இடங்களில் பிளவு விசிறியின் நடுவிலேயே ஓடி, அதை உடைத்துப் படியாக்கிவிடும். இமாச்சலப் பிரதேசத்தில் காலா அம்ப் என்ற ஊருக்கு அருகே அறிஞர்கள் அப்படி ஓர் இடத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டினார்கள். பள்ளத்தின் சுவரில் மண் அடுக்குகள் அறுந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கண்டார்கள். அடுக்குக்குள் கிடந்த கரித்துண்டை வைத்து, எந்தக் காலத்தில் நிலம் நடுங்கியது என்று கணக்கிட்டார்கள். ஏட்டில் எழுதாத நிலநடுக்கங்களும் இப்படித் தெரியவந்தன. அஸ்திவாரம் தோண்டுகிற நம் ஆட்கள் தினமும் இப்படி மண் சுவரைப் பார்க்கிறோம். இனி கொஞ்சம் நின்று பாருங்கள்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும், நமக்கு எதற்கு என்று போன வாரம் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. நம்மோடு கட்டட வேலை செய்கிற பீகார்த் தம்பிகளைக் கேளுங்கள். கோசி ஆற்றைத் தெரியுமா என்று கேளுங்கள்.

கோசி இமயத்திலிருந்து இறங்கி, பீகார் சமவெளியில் மிகப் பெரிய விசிறியைப் போட்டிருக்கிறது. மலை உயர்வது நிற்கவில்லை. ஆகவே மண் வருவதும் நிற்கவில்லை. இரு நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோசி மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து வந்தது. மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல். 1950-களில் தொடங்கி, இருபுறமும் கரை கட்டி ஆற்றை அடைத்தார்கள். ஆனால் மண்ணை எப்படி அடைப்பது? அது கரைக்குள்ளேயே படிந்தது. ஆற்றின் தரை சுற்றியுள்ள ஊர்களைவிட மேடானது. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசகா என்ற இடத்தில் கரை உடைந்தது. ஆறு தான் எப்போதோ விட்டுப் போன பழைய வழிக்கு, வெகுதூரம் கிழக்கே, திரும்பிவிட்டது. அந்தப் பழைய வழியில் வீடுகள், வயல்கள், ஊர்கள் இருந்தன. 30 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அங்கே பலர் வாழ்நாளில் கோசி வெள்ளத்தையே பார்க்காதவர்கள். ஆறு இந்தப் பக்கம் வராது என்றுதான் நினைத்திருந்தார்கள். விசிறியின் எந்த ஓலையிலும் ஆறு ஒருநாள் ஓடியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

படியில் வீடு கட்டுவதற்கும் ஒரு கதை உண்டு. உத்தராகண்டில் அலக்நந்தா ஆற்றங்கரையில் சீநகர் என்ற ஊர். காஷ்மீர் சீநகர் அல்ல, இது கார்வால் சீநகர். ஊருக்கு அருகே ஒரு பெரிய பழைய பிளவு போகிறது. ஆற்றின் இருபுறமும் அழகான படிகள். 1893-இல் மேலே மலையில் கோனா என்ற இடத்தில் மலை சரிந்து ஒரு கிளை ஆற்றை அடைத்தது. பெரிய ஏரி உண்டானது. அது உடையும் என்று அதிகாரிகள் முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். தந்திக் கம்பி இழுத்தார்கள். கீழே இருந்த மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். 1894 ஆகஸ்ட் மாதம் ஒரு நள்ளிரவில் ஏரி உடைந்தது. பழைய சீநகர் அடித்துக்கொண்டு போனது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதிலும் இறந்தவர்கள் ஐந்தே பேர். செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ஆயிரக்கணக்கான உயிர் பிழைத்தது.

அதன் பிறகு புது ஊரை மேல்படியில் கட்டினார்கள். புத்திசாலித்தனமான வேலை. நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. ஊர் பெருத்தது. மேல்படியில் இடம் இல்லை. கீழ்ப்படி சும்மா கிடந்தது. சமமான, ஆற்றோர நிலம். யாருக்குத்தான் ஆசை வராது? வீடுகள் வந்தன. அரசுக் கட்டடங்களும் வந்தன. 2013 ஜூன் மாதம் கேதார்நாத்தில் பெருவெள்ளம் வந்ததே, அப்போது அலக்நந்தாவும் பொங்கியது. கீழ்ப்படியில் இருந்த கட்டடங்களுக்குள் ஆள் உயரத்துக்கு மணலும் சேறும் புகுந்தன. வெள்ளம் வடிந்த பிறகும் மண் வடியவில்லை. அதை அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. மேல்படியில் இருந்த வீடுகள் அப்படியே நின்றன.